டபுள் டபுள் போனஸ் போக்கர் மெஷின்: ஆறாவது காயின் போடலாமா? மூணு ஏஸோடு கிக்கரை வைக்கலாமா?

காவேரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் விடுமுறையில் அக்கா குடும்பத்தோடு லாஸ் வேகாஸ் போகிறோம். ஸ்லாட் மெஷினில் எனக்கு ஈர்ப்பு கிடையாது. பட்டனை அழுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அதில் நமக்கு வேலை இல்லை. வீடியோ போக்கரில் எந்தச் சீட்டை வைப்பது, எதைத் தள்ளுவது என்று நாம் முடிவெடுக்கிறோம், அதனால் அதில்தான் உட்காருவேன்.

போன முறை டபுள் டபுள் போனஸ் ஆட்டத்தை சூப்பர் டைம்ஸ் பே என்ற வசதியோடு பார்த்தேன். ஐந்து காயினுக்குப் பதில் ஆறு காயின் போட்டால், சில ஆட்டங்களில் திடீரென்று 2 முதல் 10 மடங்கு வரை ஒரு பெருக்கல் எண் வருகிறது. வந்தால் அந்தக் கையில் ஜெயிக்கும் பணம் அத்தனை மடங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆறாவது காயின் நிஜமாகவே நமக்கு லாபமா, இல்லை மெஷின்காரனுக்கு லாபமா?

இன்னொரு சந்தேகமும் உண்டு. கையில் மூன்று ஏஸ், ஒரு 3, ஒரு 9 இருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் "3-ஐயும் சேர்த்து வையுங்கள், அதுதான் கிக்கர்" என்றார். அது சரியா? விதிமுறையை ஆரம்பத்திலிருந்து யாராவது விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

சீட்டுக்கட்டு52

விதிமுறையை நான் சொல்கிறேன், கணக்கை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

52 சீட்டு, ஜோக்கர் இல்லை. ஒவ்வொரு கைக்கும் கட்டு புதிதாகக் கலைக்கப்படும். ஐந்து சீட்டு வரும். வேண்டியதை ஹோல்ட் செய்து, வேண்டாததைத் தள்ளி, ஒரே ஒரு முறை மாற்றுச் சீட்டு வாங்கலாம். எதிராளி கிடையாது, டீலரை ஜெயிக்க வேண்டியதும் இல்லை. கடைசியில் கையில் நிற்கும் ஐந்து சீட்டுக்குப் பட்டியலில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் பணம்.

டபுள் டபுள் போனஸின் நல்ல பட்டியல் இது. ஒரு காயினுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கிறேன்:

ராயல் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் 10, ஜாக், குயின், கிங், ஏஸ்): 800 (ஐந்து காயின் போட்டால் மட்டும், குறைத்துப் போட்டால் 250)
ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் வரிசையாக ஐந்து சீட்டு): 50
நாலு ஏஸ், கூடவே 2, 3 அல்லது 4: 400
நாலு ஏஸ், வேறு எந்தச் சீட்டோடும்: 160
நாலு 2, நாலு 3 அல்லது நாலு 4, கூடவே ஏஸ் முதல் 4 வரை ஏதாவது ஒன்று: 160
நாலு 2, 3 அல்லது 4, வேறு சீட்டோடு: 80
நாலு 5 முதல் நாலு கிங் வரை: 50
ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒரே சீட்டும் ஒரு ஜோடியும்): 9
ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனம்): 6
ஸ்ட்ரெயிட் (எந்த இனத்திலும் வரிசையாக ஐந்து சீட்டு): 4
மூன்று ஒரே சீட்டு: 3
இரண்டு ஜோடி: 1
ஜாக், குயின், கிங், ஏஸ் ஜோடி: 1

நாலு ஒரே சீட்டோடு துணைக்கு நிற்கும் அந்த ஐந்தாவது சீட்டைத்தான் கிக்கர் என்கிறோம். பெயரில் இருக்கும் இரண்டாவது 'டபுள்' அந்த கிக்கருக்காகத்தான்.

பட்டியலின் அடியைக் கவனியுங்கள். ஜாக்ஸ் ஆர் பெட்டர் என்ற சாதாரண வீடியோ போக்கர் ஆட்டத்தில் இரண்டு ஜோடிக்கு 2 காயின் வரும், இங்கே 1 தான். இரண்டு ஜோடி சராசரியாக எட்டுக் கைக்கு ஒரு முறை வந்துவிடும். அதில் ஒரு காயினைக் குறைத்தால், போடும் ஒவ்வொரு டாலருக்கும் சுமார் 12, 13 சென்ட் கையைவிட்டுப் போகிறது. அந்தப் பணம்தான் மேலே போய் நாலு ஏஸுக்கும் நாலு 2-க்கும் போனஸாக நிற்கிறது. ஜாக்ஸ் ஆர் பெட்டரில் நாலு ஒரே சீட்டு வகையிலிருந்து திரும்பக் கிடைப்பது டாலருக்கு 6 சென்ட் அளவு. இந்த ஆட்டத்தில் சுமார் 18 சென்ட். ஆக, போனஸ் என்பது அடிக்கடி கிடைத்த சில்லறையைச் சேர்த்துவைத்து எப்போதாவது மொத்தமாகத் தருவது. உட்காரும் முன் இதைப் புரிந்துகொண்டால் அரை மணி நேரத்தில் கிரெடிட் கரைவதைப் பார்த்துப் பதற மாட்டோம்.

பாலைவனம்

நான் ஹென்டர்சனில் இருக்கிறேன். கேசினோக்கள் வரிசையாக நிற்கும் வேகாஸ் ஸ்ட்ரிப்பிலிருந்து கொஞ்ச தூரம்தான். சீட்டுக்கட்டு அண்ணா சொன்ன பட்டியலில் இரண்டே வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஃபுல் ஹவுஸ், ஃப்ளஷ். அது 9-ம் 6-ம் என்றால் '9/6' என்று சொல்வோம். மற்ற வரிகளை அப்படியே விட்டுவிட்டு, இந்த இரண்டில்தான் கேசினோக்கள் கை வைப்பார்கள். பிழையில்லாமல் ஆடினால் திரும்பக் கிடைக்கும் சதவீதம் இப்படி:

10/6 என்றால் 100.07
9/6 என்றால் 98.98
9/5 என்றால் 97.87
8/5 என்றால் 96.79
7/5 என்றால் 95.71
6/5 என்றால் 94.66

ஒரு காயின் குறைந்தால் ஒரு சதவீதத்துக்கும் மேல் போகிறது. 10/6 இப்போது கண்ணில் படுவதே அபூர்வம், அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மெஷினில் பார்க்கும்போது ஐந்தாவது காயின் வரிசையைப் பாருங்கள். 9/6 என்றால் அங்கே 45, 30 என்று இருக்கும். 8/5 என்றால் 40, 25. 6/5 என்றால் 30, 25. பணத்தை உள்ளே போடும் முன்பே திரையைத் தொட்டு இதைப் பார்த்துவிடலாம். இன்னொன்று, ஒரே மெஷினில் கால் டாலருக்கு ஒரு பட்டியலும் ஒரு டாலருக்கு வேறு பட்டியலும் இருப்பது சகஜம். கால் டாலரில் 7/5 வைத்திருப்பார்கள், அதே திரையில் ஒரு டாலருக்கு மாற்றினால் 9/6 ஆகிவிடும். பக்கத்து மெஷினில் 9/6 இருந்தது, இதிலும் இருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

அரைக்காசு

கிக்கர் விஷயத்தில் காவேரிக்கரையின் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. நாலு ஏஸ் மட்டும் வந்தால் 160. 3 கூடவே இருந்தால் 400. ஏற்கெனவே கையில் வந்து உட்கார்ந்திருக்கும் 3-ஐ எதற்குத் தள்ள வேண்டும்? நாலாவது ஏஸ் வந்துவிட்டால், கிக்கரைத் தள்ளியதற்கு வாழ்நாள் முழுக்க வருத்தப்பட வேண்டியிருக்கும். ஐந்து காயின் கால் டாலர் ஆட்டத்தில் 200 டாலருக்கும் 500 டாலருக்கும் உள்ள வித்தியாசம் அது.

புள்ளியியல்

இதைக் கையாலேயே கணக்குப் போடலாம், சாஃப்ட்வேர் தேவையில்லை. ஐந்து சீட்டைப் பார்த்துவிட்டோம், கட்டில் மிச்சம் 47.

முதலில் ஏஸ் ஏஸ் ஏஸ் 3 வைத்து ஒரு சீட்டு எடுப்போம். 47-ல் ஒன்று ஏஸ், அதற்கு 400. மூன்று 3-கள் இருக்கின்றன, அவை வந்தால் ஃபுல் ஹவுஸ், தலா 9. மீதி 43 சீட்டுக்கும் மூன்று ஏஸுக்கான 3 காயின். கூட்டினால் 400 + 27 + 129 = 556. 47-ஆல் வகுத்தால் சராசரி 11.83 காயின்.

இப்போது 3-ஐயும் 9-ஐயும் தள்ளி மூன்று ஏஸை மட்டும் வைப்போம். இரண்டு சீட்டு எடுக்க 1081 வழிகள். அதில் 46 வழிகளில் நாலாவது ஏஸ் வரும். அந்த 46-ல் 11 வழிகளில் புதிதாக ஒரு கிக்கர் கூடவே வந்துவிடும்: 11 × 400 = 4400. மீதி 35 × 160 = 5600. ஃபுல் ஹவுஸ் 66 வழிகள், 594 காயின். எஞ்சிய 969 வழிகளில் 3 காயின் வீதம் 2907. மொத்தம் 13,501. வகுத்தால் 12.49.

11.83-க்கு எதிராக 12.49. கிக்கரைத் தள்ளுவதுதான் சரி. காரணம் எளிது. கிக்கரை வைத்தால் ஏஸ் வர ஒரே ஒரு வாய்ப்பு. தள்ளினால் இரண்டு சீட்டில் ஏதாவது ஒன்று ஏஸாக வரலாம், அதாவது வாய்ப்பு இரண்டு மடங்கு. அப்படி வரும்போது நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான முறை கிக்கரும் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது.

அரைக்காசு சொல்வது சரியாக இருக்கும் ஆட்டமும் உண்டு. டிரிபிள் டபுள் போனஸ் என்று ஒன்று, அதில் நாலு ஏஸும் கிக்கரும் சேர்ந்தால் 800, ராயலுக்குச் சமம். ஆனால் மூன்று ஒரே சீட்டுக்கு 2 தான். அதே கையை அந்தப் பட்டியலில் போட்டுப் பாருங்கள்: கிக்கரோடு வைத்தால் 19.43, ஏஸ்களை மட்டும் வைத்தால் 15.66. அங்கே கிக்கரை விடவே கூடாது. இரண்டு ஆட்டமும் ஒரே மெனுவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், திரையும் ஒரே மாதிரி இருக்கும். குழப்பம் பெரும்பாலும் அங்கேயிருந்துதான் வருகிறது.

காவேரிக்கரை

அருமை, இப்போது தெளிவாகிவிட்டது. இதே மாதிரி கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்து கணக்கில் சரியாக வரும் கைகள் வேறு உண்டா?

புள்ளியியல்

மூன்று இருக்கின்றன.

ஒன்று, முதல் ஐந்து சீட்டிலேயே நாலு ஏஸும் ஒரு 9-ம் வந்துவிட்டது என்று வையுங்கள். பலர் ஐந்தையும் ஹோல்ட் செய்து 160 வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். 9-ஐத் தள்ளுங்கள். நாலு ஏஸ் எங்கும் போகாது. மீதி 47 சீட்டில் 12 கிக்கர்கள் இருக்கின்றன. சராசரி 221 காயின் ஆகிவிடுகிறது, இழப்பதற்கு ஒன்றுமே இல்லை. நாலு 3-ம் ஒரு 9-ம் வந்தாலும் அப்படித்தான், 80 என்பது சராசரியாக 100 ஆகும். கிக்கர் ஏற்கெனவே இருந்தால் மட்டும் ஐந்தையும் வையுங்கள்.

இரண்டாவது, ஏஸ் ஜோடியோடு இன்னொரு ஜோடி. ஏஸ் ஏஸ் 7 7 3 என்று எடுத்துக்கொள்வோம். இரண்டு ஜோடியையும் வைத்தால் 4 சீட்டு ஃபுல் ஹவுஸ் தரும், 43 சீட்டு 1 காயின் தரும்: 79-ஐ 47-ஆல் வகுத்தால் 1.68. 7-களைத் தள்ளி ஏஸ் ஜோடியை மட்டும் வைத்து மூன்று சீட்டு எடுத்தால் 1.92. ஆக, 7-களைத் தள்ள வேண்டும். இரண்டு ஜோடிக்கும் ஒரு ஏஸ் ஜோடிக்கும் ஒரே காயின்தான் என்பதால்தான் இப்படி.

மூன்றாவது, மூன்று ஏஸும் இரண்டு கிங்கும். கையில் ஃபுல் ஹவுஸ், நிச்சயமாக 9 காயின். கிங்குகளைத் தள்ளினால் சராசரி 12.72.

திருச்சிக்காரி

முதல் இரண்டும் சரி. மூன்றாவதை என்னால் ஏற்க முடியவில்லை. கையில் இருக்கும் ஃபுல் ஹவுஸை உடைத்தால் அடுத்து என்ன ஆகும் என்று நானும் உங்கள் முறையிலேயே பார்த்தேன். 1081 வழிகளில் 968 வழிகளில், அதாவது பத்தில் ஒன்பது முறை, 9 காயின் 3 காயினாகக் குறைந்துதான் போகும். நாலாவது ஏஸ் வருவது 23, 24 முறைக்கு ஒரு தடவை. மாதக்கணக்கில் ஆடுகிறவருக்கு அந்தச் சராசரி கைகொடுக்கும். காவேரிக்கரை இரண்டு மூன்று நாள் குடும்பத்தோடு போய் நூறு, இருநூறு டாலர் வைத்துக்கொண்டு ஆடப்போகிறார். அந்தக் கை அவருக்குத் திரும்ப எப்போது வரும்? சராசரி சரிக்கட்டப்படும் அளவுக்கு அவர் ஆடப்போவதே இல்லையே.

புள்ளியியல்

நியாயமான கேள்வி, அதையும் அளந்து பார்த்துவிடலாம். ஒரு தவறான முடிவால் எவ்வளவு இழக்கிறோம் என்பது, அந்தக் கை எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையும் பொறுத்தது.

மூன்று ஏஸும் ஒரு ஜோடியும் முதல் ஐந்து சீட்டில் வருவது 25,98,960 வழிகளில் 288 வழி. சுமார் 9,000 கைக்கு ஒரு முறை. உடைக்காமல் 9 காயினை வாங்கிக்கொள்வதால் சராசரியாக 3.6 காயின் இழப்பு. அதை 9,000-ஆல் வகுத்தால் மொத்த வருமானத்தில் 0.04 சதவீதம். 98.98 என்பது 98.94 ஆகும். திருச்சிக்காரி அக்கா சொல்வது போல ஃபுல் ஹவுஸை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க விரும்பினால், அதற்கான விலை அவ்வளவுதான். நான் தடுக்க மாட்டேன்.

ஏஸ் ஜோடியோடு இன்னொரு ஜோடி வருவது அப்படி அல்ல. அது 137 கைக்கு ஒரு முறை வரும். ஒவ்வொரு முறையும் இழப்பது கால் காயினுக்கும் குறைவுதான், ஆனால் சேர்ந்தால் சுமார் 0.17 சதவீதம். பெரிய கையில் செய்யும் தவறைவிட இது நாலு மடங்கு பெரிது. கிக்கரை வைத்துக்கொள்ளும் பழக்கம் 0.05 சதவீதம் அளவு. ஆகையால் மனப்பாடம் செய்ய ஒன்றே ஒன்று போதும் என்றால், ஏஸ் ஜோடியை மட்டும் வைக்கும் விதியைத்தான் பழகச் சொல்வேன்.

பாலைவனம்

திருச்சிக்காரி சொன்ன ஏற்ற இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிக்கரோடு நாலு ஏஸ் வருவது சுமார் 16,000 கைக்கு ஒரு முறை. மணிக்கு 600 கை ஆடுகிறவருக்கு ஏறத்தாழ 27 மணி நேரத்துக்கு ஒரு முறை. ராயல் 40,000 கைக்கு மேல். பாதிக்கும் மேற்பட்ட கைகளில் ஒன்றுமே வராது. ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் விலக்க வர்க்கச் சராசரி ஜாக்ஸ் ஆர் பெட்டரில் 19.5 என்றால், இதில் 42. இரண்டு மடங்குக்கும் மேல். நாலு ஒரே சீட்டு எதுவும் வராத ஒரு மாலையில் பட்டியல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நஷ்டம்தான் வரும். எவ்வளவு வரை போகலாம் என்பதை அறையிலேயே முடிவு செய்துகொண்டு இறங்குங்கள். ஏடிஎம் அட்டை அறையிலேயே இருக்கட்டும்.

காவேரிக்கரை

என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. ஆறாவது காயின்?

புள்ளியியல்

இதற்காகத்தான் காத்திருந்தேன். எனக்கு இந்த இழையிலேயே பிடித்த கேள்வி இது.

சூப்பர் டைம்ஸ் பேயில் பெருக்கல் எண் சராசரியாக 15 கைக்கு ஒரு முறை வருகிறது. வரும்போது அதன் சராசரி அளவு 4.05 மடங்கு. அதாவது 15 கையில் 14 கைக்கு 1 மடங்கு, ஒரு கைக்கு 4.05 மடங்கு. மொத்தச் சராசரி 1.2033. நாம் போடும் பணம் 5 காயினிலிருந்து 6 ஆகிறது, அது 1.2 மடங்கு. 1.2033-ஐ 1.2-ஆல் வகுத்தால் 1.0028. எந்தப் பட்டியலாக இருந்தாலும் சதவீதம் கொஞ்சூண்டு உயர்கிறது. 98.98 என்பது 99.26 ஆகிறது.

இதை வைத்து, ஆறாவது காயின் எப்போதும் நல்லது, எங்கும் போடலாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். சதவீதம் உயர்ந்தாலும் போடும் பணமும் கூடுகிறது. ஆறாவது காயினை மட்டும் தனியாக எடுத்துவைத்து, இந்த ஒரு காயின் தனக்காக எவ்வளவு சம்பாதிக்கிறது என்று கேட்க வேண்டும்.

அது தருவது 0.2033 மடங்கு கூடுதல், ஐந்து காயின் மேல். 0.2033 × 5 = 1.0167. இதை அந்தப் பட்டியலின் சதவீதத்தால் பெருக்க வேண்டும்.

9/6-ல்: 1.0167 × 0.9898 = 1.0063. ஒரு டாலர் போட்டால் ஒரு டாலரும் அரை சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலும் திரும்புகிறது. லாபம்.
9/5-ல்: 0.995. அரை சதவீதம் நஷ்டம்.
6/5-ல்: 0.962. கிட்டத்தட்ட நாலு சதவீதம் நஷ்டம்.

எல்லைக் கோடு 98.36 சதவீதம். அதற்கு மேல் தரும் பட்டியலில் ஆறாவது காயின் நமக்கு. அதற்குக் கீழே அவர்களுக்கு.

டாலரில் பார்ப்போம். கால் டாலர் மெஷின், மணிக்கு 600 கை. 9/6-ல் ஐந்து காயினோடு ஆடினால் மணிக்கு எதிர்பார்க்கும் நஷ்டம் 7.64 டாலர். ஆறாவது காயின் போட்டால் 6.70. குறைகிறது. 6/5-ல் ஐந்து காயினோடு 40 டாலர். ஆறாவதும் போட்டால் 45.70. சதவீதம் உயர்ந்திருக்கிறது, நஷ்டமும் உயர்ந்திருக்கிறது. விளம்பரப் பலகையில் பளபளவென்று 10 மடங்கு மின்னும் மெஷின்கள் பலவற்றில் பட்டியல் சுமாராகத்தான் இருக்கும் என்பதால் இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை.

அரைக்காசு

நாலு ஏஸ், கிக்கர், கூடவே 10 மடங்கு என்று வந்தால் 20,000 காயின் ஆயிற்றே? அதையும் சேர்த்துத்தான் இந்தச் சராசரியா? அப்புறம், 10 மடங்கு காட்டும்போது ஆட்டத்தை மாற்றி ஆட வேண்டுமா, துணிந்து பெரிய கைக்குப் போகலாமா?

புள்ளியியல்

எல்லாம் சேர்த்துத்தான். பெருக்கல் எண் சீட்டோடு சம்பந்தமில்லாமல் வருகிறது. எந்தக் கைக்கும் ஒரே வாய்ப்பு. நாம் எதை வைப்பது என்று முடிவெடுக்கும் முன்பே அது திரையில் வந்துவிடும். பட்டியலின் எல்லா வரியும் ஒரே அளவு பெருகுவதால், எந்தச் சீட்டை வைப்பது என்ற முடிவில் ஒரு மாற்றமும் தேவையில்லை. 10 மடங்கு நேரத்தில் கையில் இருக்கும் ஜாக் ஜோடியை உடைத்து ராயலுக்குத் துரத்துவது, அந்த 10 மடங்கை வீசியெறிவதுதான்.

இதற்கு நேர் எதிரானது அல்டிமேட் எக்ஸ். அதில் ஒரே நேரத்தில் பல கைகளை ஆடுகிறோம், ஒவ்வொரு கையும் திரையில் ஒரு வரி. வரிக்கு 10 காயின், அதாவது வழக்கமான ஐந்து காயினைவிட இரண்டு மடங்குப் பணம். இந்தக் கையில் ஜெயித்தால், பெருக்கல் எண் அதே வரியின் அடுத்த கைக்குப் போகும், அதிகபட்சம் 12 மடங்கு. அங்கே ஒரு சின்ன ஜெயிப்புக்குக்கூட அடுத்த கையில் மதிப்பு இருப்பதால், ஆடும் முறையே மாறிவிடும். முதல் முறை போகிறவர் அதில் கை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

சீட்டுக்கட்டு52

ஒரே மெஷினில் பல வரி ஆட்டங்களைக் கொண்டுவந்தவர் எர்னி மூடி. ஒரே கையை மூன்று வரியில் ஆடும் டிரிபிள் பிளே அவருடைய கண்டுபிடிப்பு. அதற்கு முன், வீடியோ போக்கரைக் கேசினோக்களில் நிலைநிறுத்தியவர் மெஷின் தயாரிக்கும் ஐஜிடி நிறுவனத்தைக் கட்டிய சை ரெட். பெருக்கல், போனஸ் என்று பின்னால் வந்த எல்லாமே சீட்டை ஒரு முறை மாற்றி ஆடும் அந்தப் பழைய டிரா போக்கர் மேல் ஏற்றப்பட்ட மாடிகள்தான். அஸ்திவாரத்தில் இருக்கும் ஃபுல் ஹவுஸ், ஃப்ளஷ் வரிகளை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறோம் என்பது இதனால்தான்.

நொய்யல்

கோவையிலிருந்து படிக்கிறேன். ஒரு அடிப்படைச் சந்தேகம். மெஷினுக்குள் கணினிதானே இருக்கிறது? நாம் என்ன வைக்கிறோம் என்று பார்த்துவிட்டு அதற்கு ஏற்ப சீட்டை மாற்றிப் போடாது என்று எப்படி நம்புவது? இவ்வளவு கணக்கும் 47 சீட்டும் சம வாய்ப்பில் வரும் என்பதன் மேல்தானே நிற்கிறது?

பாலைவனம்

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். நெவாடாவில் கேமிங் ஆணையத்தின் விதி 14 இருக்கிறது. நேரடியாக ஆடப்படும் ஒரு சூதாட்டத்தைத் திரையில் காட்டும் கருவியில், ஒவ்வொரு சீட்டும் வரும் வாய்ப்பு நிஜக் கட்டில் இருப்பதற்குச் சமமாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஸ்லாட் மெஷினில் சக்கரத்தில் தெரியும் படங்களை வைத்து வாய்ப்பைச் சொல்ல முடியாது. வீடியோ போக்கரில் பட்டியலைப் பார்த்தாலே சதவீதம் தெரிந்துவிடும், அது இந்த விதியால்தான். கேசினோ குறைக்க நினைத்தால் பட்டியலில்தான் குறைக்க முடியும், அதுவும் எல்லோர் கண்ணெதிரே.

ஆனால் நெவாடாவுக்கு வெளியே ஒரு எச்சரிக்கை. அமெரிக்கப் பூர்வகுடி நிலங்களில் உள்ள சில கேசினோக்களில், 1988-ம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டப்படி 'கிளாஸ் டூ' என்ற வகை மெஷின்கள் இருக்கின்றன. வெளியே பார்க்க வீடியோ போக்கர், உள்ளே நடப்பது பிங்கோ, நம்மூர் தம்போலா மாதிரி. பரிசு பிங்கோவில் முடிவாகிவிடும், சீட்டுகள் அதைக் காட்டும் படம் மட்டும்தான். நல்ல கையைத் தள்ளினாலும் ஏதோ ஒரு வழியில் அந்தப் பரிசு வந்து சேரும், தப்பாமல் ஆடினாலும் பரிசு அதிகமாகாது. திரையின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு பிங்கோ அட்டை தெரிந்தால் இந்த இழையில் உள்ள எந்தக் கணக்கும் அங்கே பொருந்தாது.

திருச்சிக்காரி

நொய்யல், நீங்கள் ஊரில் இருப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு இல்லாமல் தடை செய்கிறது. இதைப் படித்துவிட்டு ஏதாவது செயலியில் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். பணம் இல்லாமல் பழகும் பயிற்சி ஆட்டங்கள் உண்டு, தப்பான சீட்டைத் தள்ளினால் உடனே சொல்லிவிடும். கணக்கின் ருசி அதிலேயே கிடைத்துவிடும்.

காவேரிக்கரை, அப்பா அம்மா விசிட்டர் விசாவில் கூட வருகிறார்களா? என் மாமனாருக்கு நடந்தது இது. ஒரு ஹோட்டலில் ஒரு டாலர் மெஷினில் ஜாக்பாட் அடித்தது, மெஷின் பூட்டிக்கொண்டது, விளக்கு எரிந்தது, ஊழியர் வந்து பாஸ்போர்ட் கேட்டார். கையில் கிடைத்தது 70 சதவீதம் மட்டுமே. அமெரிக்க வரிக் கணக்கில் குடியிருப்பாளராக இல்லாதவருக்கு மெஷின் ஜாக்பாட்டில் 30 சதவீதம் அங்கேயே பிடித்துவிடுவார்கள். பிளாக்ஜாக், ரூலெட் மேஜைகளுக்கு அந்தப் பிடித்தம் இல்லை. குடியிருப்பாளர்களுக்கு, ஜெயித்த பணத்தைக் காட்டும் டபிள்யூ-2ஜி என்ற வரிப் படிவம் தருவார்கள். அதன் வரம்பு நெடுங்காலமாக 1,200 டாலர், 2026 முதல் 2,000. ஒரு டாலர் மெஷினில் கிக்கரோடு நாலு ஏஸ் என்றால் சரியாக 2,000 டாலர். கால் டாலரில் ராயலே ஆயிரம்தான், பெருக்கல் எண் எதுவும் சேராத வரை படிவமே வராது. குடும்பத்தோடு போகும்போது கால் டாலரோடு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், 21 வயது ஆகாத பிள்ளைகளை மெஷின் பக்கத்தில் நிற்கவைக்காதீர்கள். ஊழியர்கள் உடனே வந்து கிளப்பிவிடுவார்கள்.

காவேரிக்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. போன முறை எடுத்த ஒரு புகைப்படத்தைத் தோண்டி எடுத்தேன். கால் டாலர், சூப்பர் டைம்ஸ் பே. டபுள் டபுள் போனஸில் ஐந்தாவது காயின் வரிசையில் 40, 25 இருக்கிறது. அதாவது 8/5. அதே மெஷினின் மெனுவில் ஜாக்ஸ் ஆர் பெட்டர் இருக்கிறது, அதில் 45, 30. எதில் உட்காரலாம்?

புள்ளியியல்

யோசிக்கவே வேண்டாம், ஜாக்ஸ் ஆர் பெட்டர்.

8/5 டபுள் டபுள் போனஸ் மணிக்கு 600 கையில் 24 டாலர் கேட்கும். ஆறாவது காயின் போட்டால் இன்னும் 2.40 கூடும். அந்த 9/6 ஜாக்ஸ் ஆர் பெட்டர் 99.54 சதவீதம், ஐந்து காயினோடு மணிக்கு மூன்றரை டாலருக்கும் குறைவு. எல்லைக் கோட்டுக்கு நன்றாகவே மேலே இருப்பதால், ஆறாவது காயின் அங்கே தனக்காக 1.2 சதவீதம் சம்பாதிக்கிறது. தாராளமாகப் போடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். அந்த ஆட்டத்தில் இரண்டு ஜோடிக்கு 2 காயின், நாலு ஏஸுக்கு 25 தான். ஏஸ் ஏஸ் 7 7 வந்தால் அங்கே நாலையும் வைக்க வேண்டும். மூன்று ஏஸோடு இரண்டு கிங் வந்தால் தொடாமல் 9-ஐ வாங்கிக்கொள்ளுங்கள்.